நாங்கள் பிழை போட்ட கெளுத்தி

நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். ஊரில் உள்ளவர்களுக்கு இது யாருடைய கதை என்று விளங்கிவிடும். விளங்கினாலும் பின்னூட்டத்தில் அந்தப் பிள்ளையின் பெயரைப் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

சென்ற வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சைக்குத் தரம் 7 விஞ்ஞான வினாத்தாளை நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்துதான் தயாரித்தோம். விடைத்தாள்களையும் ஆசிரியர் அறையில் ஒரே மேசையில் இருந்துதான் திருத்தினோம். ஆகவே இந்தப் பதிவில் 'நான்' வராது. பிழையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எங்களாலேயே பிரிக்க முடியவில்லை.

'சரியா, பிழையா' பகுதியில் பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி. நான்காவது வாக்கியம் இது: மீன்களின் உடல் செதில்களால் மூடப்பட்டிருக்கும். எங்கள் விடைப்பட்டியலில் 'சரி' என்று இருந்தது. வருடா வருடம் கேட்கிற கேள்விதான். நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் எங்களிடமும் கேட்டார்கள், நாங்களும் சரி என்று எழுதிப் புள்ளி வாங்கினோம். வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். முப்பது பேர் 'சரி' என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் 'பிழை' என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் சின்னதாக 'எல்லா மீனுக்கும் இல்ல' என்று போட்டிருந்தான். சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனோம். அவனுக்கு மொத்தம் 29 புள்ளி.

அன்று பகல் எங்களில் ஒருவர் வீட்டில் கெளுத்திக் கறி. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு அரைப் பொய்யாகிவிடும். கெளுத்திக்கு யாரும் செதில் தட்டுவதில்லை. அடுப்புச் சாம்பலைப் போட்டு உரசி வழுவழுப்பை எடுப்பார்கள், முள்ளை ஒடிப்பார்கள், மீசையை நறுக்குவார்கள். எங்கள் உம்மாமாரும் உம்மும்மாமாரும் கிணற்றடியில் குந்தியிருந்து செய்த வேலை. சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறோம். பகல் தின்ற மீனுக்குச் செதில் இல்லை என்பது, பின்னேரம் தாள் திருத்தும்போது எங்கள் இரண்டு பேருக்குமே நினைவு வரவில்லை.

இனி அந்தப் பிள்ளை. வாப்பா குளத்தில் வலை போடுகிறவர். சுபஹுக்கு முன்னரே தோணியில் இறங்கிவிடுவார், மகனும் கூடப் போவான். வரவு இடாப்பில் அவன் பெயருக்கு நேரே சிவப்புத்தான் கூட. வரும் நாளிலும் முதல் பாடம் பாதி போயிருக்கும். தலை ஈரமாக, சேர்ட்டில் மீன் வாடையோடு வந்து கடைசி வாங்கில் யன்னல் பக்கம் இருப்பான். பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள், நாங்கள் அதட்டுவோம், அத்தோடு சரி. முதலாம் தவணைப் பெற்றார் கூட்டத்தில் அவனுடைய வாப்பாவிடம் நாங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இவனுக்குப் படிப்பு ஏறாது காக்கா, தொழிலைப் பழக்கி விடுங்க." அந்த மனிசன் "ஓம் சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தாள் கொடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை. காலைக்கூட்டத்துக்கு மணி அடிக்க முன்னர் ஆய்வுகூட வாசலில் ஒரு பெயின்ற் வாளியோடு நிற்கிறான். வாளிக்குள் நாலு விரல் ஆழத்துக்குச் சேற்றுத் தண்ணீர், அதற்குள் ஏதோ நெளிகிறது.

"சேர், நாலாவது கேள்விக்கு நீங்க பிழை போட்டது பிழை சேர்."

"மீனுக்குச் செதில் இரிக்கிதானே மகன்?"

"இதும் மீன்தானே சேர். இதுக்கு எங்க செதில்? தடவிப் பாருங்க."

தடவிப் பாருங்கள் என்றால் வாளிக்குள் கையை விடச் சொல்லவில்லை. எங்களில் ஒருவர் விட்டார். யார் என்று சொல்ல மாட்டோம். பெருவிரலில் ஒரு கறுத்த புள்ளி இன்னும் இருக்கிறது, சந்தித்தால் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். குத்தியது சுங்கான். குத்தின இடத்தில் தொடங்கிய கடுப்பு முழங்கை வரைக்கும் ஏறியது. இரண்டு பட்டதாரி விஞ்ஞான ஆசிரியர்களும் செய்வதறியாது நிற்க, அந்தப் பிள்ளைதான் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடிப்போய்த் தேத்தண்ணிக் கேத்திலையும் ஒரு கோப்பையையும் தூக்கிக்கொண்டு வந்தான். பச்சைத் தண்ணீர் கலந்து, தன்னுடைய கையை முதலில் விட்டுப் பார்த்து, "இப்ப வைங்க சேர்" என்றான்.

இந்த இடத்தில் ஊராருக்கு ஒரு விசயம். சுங்கான் முள்ளின் விசம் புரதத்தால் ஆனது, சூடு பட்டால் கெட்டுப்போகும். அதனால்தான் வெந்நீர். பொறுக்கக்கூடிய சூடு, ஏறக்குறைய 45 பாகை செல்சியஸ், அதற்கு மேல் வேண்டாம். குத்துப்பட்ட கை மரத்திருப்பதால் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். அவன் செய்த மாதிரி நல்ல கையால் பார்த்துவிட்டு வைக்க வேண்டும். அரை மணித்தியாலமாவது வைத்திருக்க வேண்டும், தண்ணீர் ஆற ஆறச் சூட்டைக் கூட்ட வேண்டும். பிறகு வைத்தியரிடம் காட்டி ஏற்பு ஊசியையும் கேளுங்கள், முள் நுனி உள்ளே ஒடிந்திருக்கவும் கூடும். சுண்ணாம்பு பூசுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் வேண்டாம். வயலில் தண்ணீர் கட்டப் போகிறவர்களுக்கும் வாய்க்காலில் குளிக்கிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அன்றைக்கு மூன்றாம் நான்காம் பாடவேளைகளில் தரம் 7க்கு வேறு ஒன்றும் படிப்பிக்கவில்லை. வாளியை ஆய்வுகூட மேசையில் வைத்து வெள்ளைத் தட்டுகளை அடுக்கினோம். நாங்கள் சொல்லாமலே அவன் மீன்களைப் பிரித்துப் போடத் தொடங்கினான். எங்கள் கணக்கில் வாளியில் இருந்தது சுங்கானும் கெளுத்தியும், ஆக இரண்டு வகை. அவன் மூன்று தட்டு எடுத்தான்.

முதல் தட்டில் சுங்கான், இரண்டு. கறுப்பும் செம்பழுப்பும் கலந்த நிறம், சப்பையான தலை, தலைக்குப் பின்னால் பக்கவாட்டில் நெருக்கி அமுக்கினது போன்ற நீண்ட உடல். முதுகுச் செட்டை இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு சிறியது, அதில் முள்ளும் இல்லை. அடியில் குதச் செட்டை மட்டும் வயிற்றிலிருந்து வால்வரைக்கும் ஒரே நாடா மாதிரிப் போகிறது. முள் இருப்பது இரண்டு மார்புச் செட்டைகளிலும்தான், பக்கத்துக்கு ஒன்று. விசச் சுரப்பி அந்த முள்ளோடு சேர்ந்து இருக்கிறது.

இரண்டாவது, மூன்றாவது தட்டுகளில் கெளுத்தி. ஆளே வேறு மாதிரி. முதுகு உயர்ந்த உடல், கவட்டை வால், முதுகில் ஒரு முள், மார்பில் இரண்டு. மார்பு முள்ளின் உள்விளிம்பில் வாள்பல் மாதிரிப் பற்கள். முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் நடுவே முள்ளோ கதிரோ இல்லாத மெத்தென்ற ஒரு சதைத் துண்டு நிற்கும், அதுதான் கொழுப்புச் செட்டை. சுங்கானுக்கு அது கிடையாது. பிள்ளைகளிடம் இந்த ஒன்றைச் சொன்னால் போதும், இரண்டையும் வாழ்நாளில் மாற்றிச் சொல்லமாட்டார்கள்.

ஒரு கெளுத்தியைத் தலைக்குப் பின்னால் பிடித்துத் தூக்கிக் காட்டினான். அது 'கிர்ர் கிர்ர்' என்றது. வகுப்பே சிரித்தது. "வாயால கத்திறல்ல சேர், முள்ளால கத்திற" என்றான். உண்மைதான். மார்பு முள்ளின் அடியை எலும்புக் குழிக்குள் தேய்த்து எழுப்புகிற சத்தம் அது. பயந்தால் முள்ளை விரித்துப் பூட்டிவிடும், பூட்டிய முள்ளை நேராக அமுக்கி மடக்க முடியாது. விரித்த முள்ளோடு இருக்கிற கெளுத்தியை விழுங்கப் போகிற பறவைக்கும் பாம்புக்கும் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். வலைக்காரர்களுக்கும் அதே தொல்லைதான், வலைக்கண்ணில் மூன்று முள்ளும் மாட்டினால் மீனைக் கழற்றுவதற்குள் விடிந்துவிடும்.

மீசையை எண்ணச் சொன்னோம். இரண்டு வகைக்கும் நாலு சோடி, ஆக எட்டு. மூக்கடியில் ஒரு சோடி, மேல்வாய்க் கடையில் ஒரு சோடி, கீழ்த்தாடையில் இரண்டு சோடி. கெளுத்தியின் மேல்வாய் மீசைதான் நீளம், பின்னால் இழுத்துவிட்டால் வயிற்றுப் பக்கம் தாண்டிப் போகிறது. மீசை அழகுக்கு இல்லை, அது நாக்கு. சுவை உணரிகள் அந்த மீசையிலும், செதில் இல்லாத அந்தத் தோலிலும் பரவிக் கிடக்கின்றன. கலங்கின தண்ணீரில், இரவில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத சேற்றில் இரையை ருசி பார்த்தே கண்டுபிடிக்கிற மீனுக்கு உடம்பைச் செதிலால் மூடி என்ன பயன்? பாடப்புத்தகத்தில் இல்லாத இந்தக் கேள்வியை ஒரு பெண்பிள்ளை கேட்டாள். அதற்கு நாங்கள் பதில் சொல்லப் போகாமல், நல்ல கேள்வி என்று கரும்பலகையில் எழுதிவைத்தோம்.

இன்னொரு பிள்ளை எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டான். செதில் இல்லாவிட்டால் சாப்பிடலாமா சேர்? வீட்டில் வாப்பாவிடம் கேள் என்று தட்டிக்கழிக்கவில்லை. நமது ஷாஃபிஈ மத்ஹபில் மீன் என்றால் மீன்தான், செதிலைப் பார்ப்பதில்லை என்றோம். "மறுகா ஏன் சேர் பரீட்சையில மட்டும் செதில் பார்க்கிறீங்க?" என்று கடைசி வாங்கில் இருந்து ஒரு சத்தம். யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

சரி, இரண்டாவது தட்டுக்கும் மூன்றாவது தட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டோம். அதுவரைக்கும் எங்களுக்கு எல்லாம் ஒரே கெளுத்திதான். "இது களப்புப் பக்கத்துச் சாதி சேர், உப்புத்தண்ணி ஏறுற இடத்தில இரிக்கிற, பெருசா வளரும். வாப்பா நேத்து அங்கதான் போட்டது. இது குளத்துச் சாதி, எவ்வளவு நாள் விட்டாலும் விரல் நீளத்துக்கு மேல வராது. உடம்பில கோடு பாருங்க. தோளில கறுத்தப் பொட்டு." இரண்டாவது தட்டில் கோடு இல்லாத வெள்ளிச் சாம்பல் நிற மீன்கள். மூன்றாவதில் நீளவாக்கில் கோடு போட்ட சின்ன மீன்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவன் 'சாதி' என்று சொன்னது பாடப்புத்தகத்தில் 'இனம்'. புத்தகத்துச் சாதி அதற்கு ஒரு படி மேலே. அன்று இரவு இரண்டு பேரும் புத்தகங்களையும் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு பதினொரு மணிவரை இருந்தோம். படித்ததை இங்கே சுருக்கித் தருகிறோம், நமது குளத்து மீனைப் பற்றியது என்பதால்.

உலகத்தில் மீசை மீன்கள் 3,500 இனத்துக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து சிலூரிஃபோர்மஸ் என்கிற ஒரே வருணம். இதில் எந்த மீனுக்கும் சாதாரண மீன்களுக்கு உள்ள செதில் இல்லை. எங்கள் ஆய்வுகூடக் கண்ணாடித் தொட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிற 'டேங்க் கிளீனர்' கூட இந்த வருணம்தான் என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. அதன் உடம்பில் இருப்பது செதில் அல்ல, எலும்புத் தகடு. அது தென்னமெரிக்காவிலிருந்து வளர்ப்பு மீனாக வந்தது. அலுத்துப் போனால் தயவுசெய்து குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், ஒருமுறை பெருகினால் வலையையும் கிழிக்கும், குளத்தையும் பிடித்துக்கொள்ளும்.

ஒரே வருணம் என்றாலும் சுங்கானும் கெளுத்தியும் நெருங்கின சொந்தம் இல்லை. கெளுத்தி பக்ரிடே குடும்பம், மிஸ்டஸ் சாதி. மீசைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். சுங்கானின் சாதி ஹெட்டரோப்நியூஸ்டஸ். இதைச் சிலர் தனிக் குடும்பமாக வைப்பார்கள், சிலர் சிங்களத்தில் மகுரா என்கிற மீனின் குடும்பத்தோடு சேர்ப்பார்கள். பூக்களின் அறையிலிருந்து முள்ளந்தண்டுக்குப் பக்கத்தால் வால்பக்கமாக இரண்டு நீண்ட காற்றுப் பைகள் போகின்றன, அவைதான் சுங்கானின் இரண்டாவது நுரையீரல் மாதிரி. தண்ணீர் வற்றினாலும் அது வாளிக்குள் நாள்கணக்கில் உயிரோடு இருப்பது அதனால்தான்.

சுங்கானுக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் மார்க்கஸ் எலியேசர் புளொக். ஜெர்மனியின் பேர்லினில் இருந்த மருத்துவர், இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரரிடம் இருந்தது. அங்கிருந்த கிறிஸ்தவ போதகர்கள் மீன்களைப் பதப்படுத்தி அவருக்கு அனுப்பிவைத்தார்கள். 1794இல் சுங்கானுக்கு 'ஃபொஸிலிஸ்' என்று பெயர் போட்டார். இலத்தீனில் 'தோண்டி எடுக்கப்பட்டது' என்று பொருள். அதே வருடம் அதே தரங்கம்பாடியிலிருந்து போன கோடு போட்ட ஒரு கெளுத்திக்கு 'விட்டாட்டஸ்', பட்டி போட்டது என்று பெயர்.

இலங்கையில் இருந்த கோட்டுக் கெளுத்தியையும் எல்லோரும் விட்டாட்டஸ் என்றே எழுதினார்கள். கோடு இருக்கிறது, பொட்டு இருக்கிறது, பிறகு என்ன? ஏறக்குறைய இருநூறு வருடமாக அப்படியே போனது. 2008இல் ரொஹான் பெத்தியாகொடவும் அவரோடு சேர்ந்தவர்களும் தென்மேற்கு ஈரவலயத்துச் சின்னக் கெளுத்தியைத் தனி இனம் என்று காட்டி, சிங்களத்தில் அதை அழைக்கும் பெயரையே வைத்து 'மிஸ்டஸ் அங்குட்டா' என்றார்கள். 2013இல் 'சிலானிக்கஸ்' என்று இன்னொன்று பிரிந்தது. இதுவும் அதுவரை இரவல் பெயரில் இருந்ததுதான். அந்த இரவல் பெயர் 'கெலிட்டியஸ்', 1840இல் பாண்டிச்சேரிப் பக்கத்து மீனுக்கு வைத்தது. கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நமது 'கெளுத்தி'தான் இலத்தீன் சட்டை போட்டு நிற்கிறது. 2016இல்தான் இலங்கையில் விட்டாட்டஸ் என்று அழைக்கப்பட்டு வந்த மீன் விட்டாட்டஸே இல்லை என்று எழுதி 'மிஸ்டஸ் நானஸ்' என்று பெயர் வைத்தார்கள். நானஸ் என்றால் குள்ளன். விரல் நீளத்துக்கு மேல் வராது என்று அவன் காலையில் சொன்னதைத்தான் இரவு பதினொரு மணிக்கு இலத்தீனில் வாசித்தோம்.

களப்புப் பக்கத்துக் கெளுத்தி 'மிஸ்டஸ் கூலியோ'. 1822இல் கங்கை மீன்களைப் பற்றி ஹமில்டன் எழுதிய நூலில் வருகிறது. உவர்நீரிலும் வாழும், மற்ற இரண்டையும் விடப் பெரிதாக வளரும். ஆகவே அவன் மூன்று தட்டு எடுத்தது சரி.

இரண்டு கிழமை கழித்து அவனுடைய வாப்பா பாடசாலைக்கு வந்தார், நாங்கள் கூப்பிடாமலே. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"மன்னிச்சுக்கங்க சேர். இவன் வாளியோட வந்து சேருக்குக் குத்த வச்சிட்டானாம். எனக்கு நேத்துத்தான் தெரியும்."

"காக்கா, முதல்ல கதிரையில இருங்க. மன்னிப்பு நாங்கதான் கேக்கணும்."

எதற்கு மன்னிப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. பெற்றார் கூட்டத்தில் சொன்னதை நாங்கள் எடுத்துச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதச் சொன்ன நாள்லருந்து நான் அவன விடிய எழுப்புறல்ல சேர். அவன் தானா எழும்பி வாறான்" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தேத்தண்ணி வந்தது.

பேச்சு மீன் பக்கம் திரும்பிய பிறகுதான் மனிசனுக்கு வாய் திறந்தது. கோடைக்குக் குளம் வற்றும்போது சுங்கான் எங்கே போகும் என்று கேட்டோம். "எங்கயும் போகாது சேர். சேத்துக்குள்ளதான் கிடக்கும். மேல வெடிச்சிருக்கும், கீழ ஈரம் இரிக்கும். மண்வெட்டியால கிளறித் தோண்டித்தான் எடுக்கிற." நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தோண்டித்தான் எடுக்கிற. 1794இல் பேர்லினில் வைத்த பெயரைத் தேத்தண்ணிக் கோப்பையோடு தமிழில் சொல்லிவிட்டு அவர் வடையைக் கடித்துக்கொண்டிருந்தார். முன்னர் ஒரு இரவில் வாளி நிறையும், இப்போது வயலுக்கு அடிக்கிற எண்ணெய் வாய்க்காலால் இறங்கிய பிறகு கோட்டுக் கெளுத்தி வலையில் வருவது குறைவு என்றும் சொன்னார். வயல் செய்கிறவர்களும் இந்தப் பதிவை வாசிக்கிறீர்கள், அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறோம்.

விடைத்தாளைத் திருப்பி வாங்கி இரண்டு புள்ளியைப் போட்டோம். 'சரி' என்று எழுதிய முப்பது பேருக்கும் குறைக்கவில்லை, நாங்கள் படிப்பித்ததைத்தானே எழுதினார்கள். அவனுக்கு 29 என்பது 31 ஆனது. "இப்ப பாஸா சேர்?" என்று கேட்டான். சித்திக்கு 35 வேண்டும். இல்லை மகன் என்றோம். சிரித்துவிட்டுத் தாளை நாலாக மடித்துப் பொக்கட்டில் வைத்துக்கொண்டான்.

மூன்று வகையிலும் ஒவ்வொன்று ஃபோர்மலின் போத்தலில் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. பெயர்த்துண்டு எழுதியது அவன். கோட்டுக் கெளுத்திப் போத்தலில் 'வருணம்: சிலூரிஃபோர்மஸ், குடும்பம்: பக்ரிடே, சாதி: மிஸ்டஸ்' என்று எழுதிவிட்டு, இனத்துக்கு நேரே புள்ளிக்கோடு மட்டும் போட்டிருக்கிறான். நாங்கள்தான் அப்படிப் போடச் சொன்னோம். பூவரிகளையும் முள்ளந்தண்டு எலும்புகளையும் எண்ணி, தலையோட்டு நடுப்பள்ளத்தின் நீளத்தைப் பார்த்துத்தான் இந்தச் சின்னக் கெளுத்திகளைப் பிரிக்கிறார்கள். கோட்டை மட்டும் பார்த்துப் பெயர் வைத்ததால் வந்த பிழை ஒருமுறை நடந்தது போதும்.

மூன்றாம் தவணை வினாத்தாளில் பழைய வாக்கியத்தை எடுத்துவிட்டு, செதில் இல்லாத நன்னீர் மீன்கள் இரண்டைப் பெயரிட்டு அவற்றை வேறுபடுத்தும் இரண்டு அம்சங்களைத் தருக என்று ஆறு புள்ளிக்குப் போட்டோம். பரீட்சைக்கு முதல்நாள் இரவு முழுக்க மழை. விடிய ஊரெல்லாம் ஒரே சத்தம், குளம் வான் பாய்கிறது. வான் பாய்ந்தால் மீனும் பாயும், வலைக்காரர்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று நாள் கிடைக்கிற வரும்படி அது. முப்பது பேர் எழுதினார்கள். இருபத்தாறு பேருக்கு முழுப் புள்ளி, கொழுப்புச் செட்டையை யாரும் மறக்கவில்லை. கடைசி வாங்கில் யன்னல் பக்கம் காலி.

அவனுக்கு அந்தத் தாளை வேறு நாளில் கொடுக்க முடியுமா என்று அதிபரிடம் எழுத்தில் கேட்டோம். வராத பிள்ளைக்கு 'வரவில்லை' என்று போடுவதுதான் முறை, ஒருவருக்குச் செய்தால் எல்லோருக்கும் செய்ய வேண்டும் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடிதத்தை வாங்கி வைத்திருக்கிறார், இதுவரை முடியாது என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் நாங்கள் வரும்போது ஆய்வுகூட வாசலில் அதே பெயின்ற் வாளி. மேலே ஒரு பலகைத் துண்டு, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கல். உள்ளே ஏதோ அடித்துக்கொண்டிருந்தது. கல்லை எடுத்தோம், பலகையை எடுத்தோம். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம், கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டு.